கல்வி வாயிலில் உல்கு வாங்குவதோ?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவருந் திங்கள், தமிழகத்து இல்லங்கள்தோறும் மகிழ்ச்சி பொங்கவேண்டிய திங்களாகும். ஆயின், அத் திங்களில்தான் அடகுக் கடைகளில் கூட்டம் மிகுகின்றது. தாயின் கழுத்தணி வைப்பகப் பெட்டகத்துள் போகின்றது. பாட்டன் தேடி வைத்த அரைக்காணி நிலத்துக்கு விலைபேச்சு நடைபெறுகின்றது. பிள்ளை பெற்ற மதிப்பெண்ணைக் கேட்டு முகம் மலர்ந்த தந்தை, அடுத்த நொடியே கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டு முகம் கூம்புகின்றான். மதிப்பெண் உயர உயரப் பெற்றோர் நெஞ்சில் அச்சமும் உயர்கின்ற இந்நிலை, கற்றாரைத் தலைமேல் வைத்துப் போற்றிய ஓர் இனத்துக்கு நேர்ந்த இழிநிலை அன்றோ?

1070 முதல் 1120 வரை ஆண்ட முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்று ஒரு பெயர் வழங்கிற்று. வணிகச் சரக்கின்மேல் தண்டப்பட்ட உல்கை நீக்கியமையால் அப் பெயர் பெற்றான். ஒன்பது நூற்றாண்டுகட்கு முன், உப்புக்கும் மிளகுக்கும் இருந்த தடையே நீக்கத் தக்க தடையாகத் தோன்றிற்று. இன்றோ, அறிவைத் தேடிச் செல்லும் இளைஞனைக் கல்லூரி வாயிலில் நிறுத்தி உல்கு வாங்குகின்றனர். கொடுக்க வல்லவன் உள்ளே போகின்றான். கொடுக்க இயலாதவன் வந்த வழியே திரும்புகின்றான்.

கல்லூரிக் கட்டணம் என்பது கல்விக்குரிய விலையன்று. இன்னார் கற்கலாம், இன்னார் கற்கலாகாது என்று மக்களைப் பிரித்து நிறுத்தும் வேலி அது. பிறப்பைக் காட்டி எழுப்பப்பட்டிருந்த பழைய வருண வேலியைப் பணத்தைக் காட்டி மீண்டும் எழுப்பியிருக்கின்றனர். இவ் வேலியில் ஆங்காங்கே சலுகை என்னும் சிறு சந்து வைப்பது போதாது. வேலியையே அகற்ற வேண்டும். இதுவே இத் திங்கள் யாம் வலியுறுத்தப் புகுந்த செய்தியாகும்.

கல்வி எல்லார்க்கும் உரியது என்பது மேலையர் வந்து நமக்குக் கற்பித்த பாடமன்று. கழகத் தொகைநூல்களிற் பாட்டியற்றியவர்தம் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தவசம் விற்றவர். தங்கால் பொற்கொல்லனார் பொன்வேலை செய்தவர். வெண்ணிக் குயத்தியார் மட்கலம் வனையும் குடியினர். குறமகள் இளவெயினியார் மலைக்குடியிற் பிறந்த மகள். இவர்தம் பாடல்கள் அரசர் பாடிய பாடல்களுக்கு அருகிலேயே வைத்துத் தொகுக்கப் பெற்றன. புறநானூற்றின் 183ஆம் பாட்டில், பாண்டியன் நெடுஞ்செழியன், கீழ்ப்பால் எனப்பட்டவன் கற்றானாயின் மேற்பால் எனப்பட்டவனும் அவனிடம் சென்று பணிவான் என்னும் கருத்தை வெளிப்படையாகச் சொல்லி வைத்தான்.

‘அதே பாட்டில் ஆசானுக்குப் பொருள் கொடுத்தும் கற்க வேண்டும் என்று சொல்லியிருக்கின்றதே; ஆகவே கட்டணம் பழந்தமிழ் முறைதானே’ என்று கட்டணக் கல்லூரியார் வழக்காடக் கூடும். கற்பித்த ஆசானுக்கு மாணவன் தன்னால் இயன்றதை உவந்து கொடுப்பது வேறு. இத்துணைப் பொருளின்றேல் உள்ளே வாராதே என்று வாயிலில் நின்று தடுப்பது வேறு. முன்னது நன்றி, பின்னது தடை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பாட்டின் பொருளறியாமை. அன்றேல் பொருளறிந்தே செய்யும் புரட்டு.

‘கட்டணமின்றிக் கொடுத்தால் கல்விக்கு மதிப்பிராது, அரசால் அதனைத் தாங்கவும் இயலாது’ என்போர்க்கு வரலாறே விடை சொல்லுகின்றது. முதலாம் இராசேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ஒரு வேதக் கல்லூரி நடந்ததை அவ்வூர்க் கல்வெட்டு காட்டுகின்றது. ஆங்குப் பயின்ற மாணவர் 340 பேர். அவர்தம் உணவுக்கும் ஆசிரியர்தம் ஊதியத்துக்குமாக 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. ஒரு மாணவனும் கட்டணம் கட்டினானில்லை. மாறாக, நாளொன்றுக்கு இத்துணை நெல்லென்று அளந்து கொடுத்தனர். அந் நெல்லை விளைவித்தவன் தமிழ உழவன். அவன் மகனுக்கு அக் கல்லூரியில் இடமில்லை! வடமொழி வேதம் பயில்வோர்க்கு உண்டியும் உறையுளும் கொடுத்தபோது, ‘இயலாது’ என்று எவரும் சொன்னாரல்லர். ‘மதிப்புக் குறையும்’ என்றும் சொன்னாரல்லர். உழவன் மகனும், ஏவல் செய்தோன் மகளும் கற்க வந்த பின்னரே இப் பொருளியல் அறிவு சிலர்க்குத் திடுமெனத் தோன்றியிருக்கின்றது!

அடைபட்டிருந்த கதவு நம் தாத்தன் தந்தையர் காலத்தில்தான் திறந்தது, தானே திறக்கவில்லை, தள்ளித் திறந்தோம். 1953இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தைத் தமிழகம் எதிர்த்து நின்று, அடுத்த ஆண்டே வீழ்த்தியது. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காமராசர் சிற்றூர்தோறும் பள்ளி திறந்தார். பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு நண்பகல் உணவும் இட்டார். பின்வந்த ஆட்சிகள் அப் பணியைத் தொடர்ந்தன. உயர்கல்வியில் அரசுக் கல்லூரிகளும் அரசு உதவிபெறுங் கல்லூரிகளும் பெருகின. வள்ளல்களும் இருந்தனர். பச்சையப்பர் அறக்கட்டளையும், காரைக்குடியில் அழகப்பர் வாரி வழங்கிய கொடையும் கல்வி விற்பதற்காக ஏற்பட்டவை அல்ல. அழகப்பர் தாம் குடியிருந்த மாளிகையையே கல்விக்குக் கொடுத்தவர். முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்ற பல்லாயிரவர் அத்தகைய கல்லூரிகளிலிருந்தே வெளிவந்தனர். இன்று தமிழகத்தில் ஐம்பது, அறுபது அகவை கடந்து நிற்கும் மருத்துவர், பொறிஞர், ஆசிரியர் பலர், சில நூறு உருபாக் கட்டணத்தில் பயின்று வந்தவர்களே.

அக் கதவு மீண்டும் மூடத் தொடங்கியது எப்பொழுது? இரண்டு ஆண்டுகளை நாம் மறத்தலாகாது.

முதலாவது 1976. நெருக்கடி நிலைக் காலத்தில், அரசமைப்பின் 42ஆம் திருத்தத்தால், கல்வி மாநிலப் பட்டியலினின்று பிடுங்கப்பட்டுப் பொதுப் பட்டியலில் வைக்கப்பட்டது. பொதுப் பட்டியல் என்பது பெயரளவிலேயே பொது. அதன்கண் இரு சட்டங்கள் முரணினால் வெல்வது தில்லிச் சட்டமே. நம் பிள்ளைகள் எதைக் கற்பது, எவர் கற்பது, எத் தேர்வெழுதிக் கற்பது என்பவற்றை முடிவு செய்யும் உரிமை அன்றே நம் கையினின்று நழுவியது.

இரண்டாவது 1984. அவ் வாண்டையொட்டித் தனியார் பொறியியற் கல்லூரிகளைக் கட்டணத்தாலேயே நடத்திக்கொள்ளத் தமிழக அரசு இசைவளித்தது. அதற்குமுன் கோவை (1945), சேலம் (1966), திருநெல்வேலி (1981) என, எண்ணிக்கையிற் குறைவாயினும், அரசே பொறியியற் கல்லூரிகளை நிறுவி வந்தது. 1984க்குப் பின் அரசு கைகட்டி நின்றது. வணிகர் கைநீட்டி வந்தனர். ஒரு கட்டத்தில் தமிழகத்துப் பொறியியற் கல்லூரிகள் 550ஐயும் கடந்தன. அவற்றுள் அரசு நேரடியாக நடத்துவன பத்துப் பன்னிரண்டே. ஒரு நாடு தன் மக்களுக்குத் தரவேண்டிய கல்வியை இவ்வளவு முழுமையாக அங்காடிக்கு விட்டுக்கொடுத்த செயல் வேறு துறையில் நிகழ்ந்திருக்குமாயின், மக்கள் வாளா இருந்திருக்க மாட்டார்கள். கல்லூரி என்னும் நற்பெயர் முகப்பில் எழுதப்பட்டிருந்தமையால் ஏமாந்தோம்.

இக் கல்லூரிகளுக்கு ஆட்சியாளரும் தாளிகைகளும் இட்டு வழங்கும் பெயர் ‘சுயநிதிக் கல்லூரி’ என்பது. அச் சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள். ‘சுயம்’ என்பது தன். ‘நிதி’ என்பது பொருள். தன் பொருளால் நடக்கும் கல்லூரி என்பது அதன் கருத்து. யாருடைய பொருள்? கட்டடம் எழுப்பிய கடன் மாணவன் கட்டணத்தால் அடைகின்றது. ஆசிரியர் ஊதியம் மாணவன் கட்டணத்தால் நடக்கின்றது. அடுத்த கல்லூரிக்கு நிலம் வாங்குவதும் மாணவன் கட்டணத்தாலேயே. தன் பொருளால் நடப்பது உண்மையாயின் மாணவனிடம் பொருள் கேட்பானேன்? உழவன் நிலத்தையும் தாயின் நகையையும் விற்று நடக்கும் ஒன்றைத் ‘தன்பொருட் கல்லூரி’ என்பது சொல்லுக்கே செய்த இரண்டகம். அதன் உண்மைப் பெயர் ‘பெற்றோர்பொருட் கல்லூரி’ என்பதே. வடசொல்லுக்குள் மறைந்திருந்த பொய், தமிழிற் சொன்னவுடன் வெளிப்பட்டுவிடுகின்றது பாருங்கள்! தூயதமிழ் வெறுஞ் சொல்லாசை என்று எள்ளுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நயன்மன்றங்கள் இச் சிக்கலை அறியாதவை அல்ல. 1992இல், கருநாடக மாநிலத்து வழக்கொன்றில், தலைக்கட்டணம் வாங்குவது சட்டத்துக்கு மாறானது என்று உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தமிழக அரசும் தலைக்கட்டணத் தடைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1993இல், தனியார் கல்லூரி இடங்களிற் பாதி குறைந்த கட்டணத்துக்கு உரியன என்னும் ஏற்பாட்டை உச்ச நயன்மன்றமே வகுத்துத் தந்தது. ஆனால், 2002இல் பதினொரு நடுவர் கூடிய அமர்வு அவ் வேற்பாட்டைத் தகர்த்தது. கல்வி நிறுவனம் நடத்துவதும் ஒரு தொழில் நடத்தும் உரிமையே என்றும், அதன் வளர்ச்சிக்கென மிச்சம் ஈட்டலாம் என்றும் கூறியது. 2005இல் வந்த மற்றொரு தீர்ப்பு, உதவிபெறாத் தனியார் கல்லூரிகளில் அரசு இடம் கேட்பதும் இடஒதுக்கீடு கேட்பதும் கூடாது என்றது. அதனை மாற்ற அரசமைப்பையே 93ஆம் முறையாகத் திருத்த வேண்டியதாயிற்று. கொள்ளை கூடாது என்பதும், மிச்சம் ஈட்டலாம் என்பதும் ஒரே மன்றத்தின் இரு வாய்மொழிகள். மிச்சத்துக்கும் கொள்ளைக்கும் இடையிலுள்ள கோட்டை எங்குப் போடுவதென்று கட்டணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அக் கோடு ஆண்டுதோறும் மேலே மேலே நகர்ந்துகொண்டிருக்கின்றது.

இனி, ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். தமிழகத்துக் கட்டணக் குழு 2017இல் பொறியியற் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வரையறுத்த ஆண்டுக் கட்டணம் 50,000 உருபா. தரச்சான்று பெற்ற பாடங்கட்கு 55,000. நிருவாக ஒதுக்கீட்டுக்கு 85,000க்கு மேல். விடுதி, உணவு, பேருந்து, நூல் என்பன இதனுள் அடங்கா. மற்றொரு பக்கம், 2025–26இல் ஊரக வேலையுறுதித் திட்டத்தில் தமிழகத்துக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி 336 உருபா. நூறு நாளும் தப்பாமல் வேலை கிடைத்து, நூறு நாட்கூலியும் குறையாமல் வந்து, அதில் ஓர் உருபாவும் உண்ணாமல் சேர்த்தாலும் ஆண்டுக்கு 33,600 உருபாதான். தாயின் அவ் வாண்டுக் கூலி முழுவதும் மகனின் எட்டு ஆண்டுக்கு முந்திய கட்டணத்துக்கே எட்டாது! மருத்துவத்துக்கு வாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மருத்துவப் பட்டப்படிப்புக்கு ஓராண்டுக் கட்டணம் 20,00,000 உருபாவைக் கடந்து நிற்கின்றது. அதே தாய் அதே கூலியில் அதனை ஈட்ட ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உழைக்க வேண்டும். அதுவும் ஓராண்டுக் கட்டணத்துக்கு மட்டும். இதனைக் ‘கட்டணம்’ என்பதா? மண்ணிற் பிறந்தவனை மண்ணோடு கட்டிவைக்கும் கட்டு என்பதா?

‘கடன் வாங்கிப் படிக்கலாமே’ என்கின்றனர். 2001 முதல் வைப்பகங்கள் கல்விக்கடன் கொடுத்து வருகின்றன. நான்கு நூறாயிரம் உருபா வரை ஈடு கேட்கலாகாது என்பது விதி. அந் நெறியால் பயன்பெற்றார் உளர். அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின், கடன் என்பது கட்டணத்தைக் குறைப்பதன்று. கட்டணத்தை ஒத்திவைத்து, வட்டியும் சேர்த்து, இளைஞன் தலைமேல் ஏற்றுவது. செல்வர் மகன் ஒருமுறை கட்டிவிட்டுப் போகும் தொகையை, ஏழை மகன் வட்டியோடு பல்லாண்டு கட்டுகின்றான். ஆகவே ஒரே படிப்புக்கு ஏழையே மிகுதியாக விலை கொடுக்கின்றான்! வேலை கிடைக்கவில்லையெனில், கடன் தண்டும் ஆள் வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றான். கற்றதனால் தலைநிமிரவேண்டிய இளைஞன், கற்றதனாலேயே ஊராரைக் கண்டு தலைகுனிந்து ஒதுங்குகின்றான். ஆசிரியர் கண்ணுக்கு மற்றொன்றும் தெரியும். கடனுக்கு அஞ்சித் தன் விருப்பப் பாடத்தையே கைவிடும் மாணவர், குறிப்பாக மாணவியர், வகுப்புக்குச் சிலர் உளர். ‘தம்பி படிக்கட்டும்; நீ போதும்’ என்று சொல்லப்படும் அக்கையின் பெயர் எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை.

தமிழக அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது பொய்யுரையாகும். 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டண விலக்கு வந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய தொழிற்படிப்புகட்கும் விரிந்தது. அவர்தம் கட்டணத்தை அரசே ஏற்றது. 2022 முதல் அரசுப் பள்ளியிற் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் மாணவியர்க்கும், 2024 முதல் மாணவர்க்கும், திங்கள்தோறும் 1,000 உருபா வழங்கப்படுகின்றது. 2022இன் தொடக்கத்தில் ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் புதியனவாகத் திறக்கப்பட்டன. 2021–22ஆம் ஆண்டின் நடுவணரசுக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியிற் சேர்வோர் இந்திய அளவில் 28.4 விழுக்காடு, தமிழகத்தில் 47. இவையெல்லாம் நம் முன்னோர் போராடிப் பெற்ற நெறியின் விளைவுகள், பாராட்டத் தக்கவை.

எனினும், ஒன்றை நுணுகி நோக்குதல் வேண்டும். கட்டண விலக்கு என்று அரசு கொடுக்கும் பணம் எங்கே போய்ச் சேருகின்றது? மாணவன் பெயரால் புறப்பட்டுத் தனியார் கல்லூரியின் பெட்டியிற் போய்ச் சேருகின்றது. அரசின் பணம் வரக் காலந் தாழ்ந்தால், மாணவனைத் தேர்வுக்கூடத்துக்கு வெளியே நிறுத்திவைக்கும் கல்லூரிகளும் உள. மக்கள் வரிப்பணம் இவ்வாறு ஆண்டுதோறும் ஓடுகின்றது. ஆண்டு முடிவில் மக்களுக்கென ஒரு வகுப்பறையும் ஓர் ஆய்வகமும் எஞ்சுவதில்லை. அதே பணத்தில் அரசே கல்லூரி எழுப்பியிருந்தால், அது தலைமுறை தலைமுறையாக நின்று பயன் தந்திருக்கும். இன்று சலுகை தரும் ஆட்சி நாளை மாறலாம். மாறினால் சலுகையும் மாறலாம். அரசுக் கல்லூரியின் சுவரோ ஆட்சி மாறினாலும் நிற்கும். வேண்டுவது சலுகையன்று, உரிமை.

அரசு மனங்கொண்டால் கட்டணம் இறங்கும் என்பதற்குச் சிதம்பரமே சான்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் பொறுப்பில் வந்தது. ஆயினும் அதன் மருத்துவக் கல்லூரியில், மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளைப்போல் பன்மடங்கு கட்டணம் தொடர்ந்து வாங்கப்பட்டது. மாணவர்கள் 2020இன் இறுதியில் போராட்டந் தொடங்கினர். பல கிழமை தளராது நின்றனர். 2021இன் தொடக்கத்தில் அக் கல்லூரி நலவாழ்வுத் துறையின்கீழ்க் கொணரப்பட்டது. அரசுக் கல்லூரிக் கட்டணமே ஆங்கும் என்றாயிற்று. கட்டடம் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை, பாடமும் மாறவில்லை. கட்டணம் மட்டும் இறங்கிற்று. அஃது இயற்கை விதித்த விலையாயிருந்தால் எங்ஙனம் இறங்கியிருக்கும்?

‘தகுதி’ என்று ஒரு சொல்லை நம்முன் நிறுத்துகின்றனர். தகுதியைக் காக்கவே 2017 முதல் ‘நீட்’ என்னும் நுழைவுத்தேர்வை நம்மேல் சுமத்தியதாகச் சொல்லுகின்றனர். பன்னிரண்டாண்டு பள்ளியிற் கற்றுப் பெற்ற மதிப்பெண் தகுதியாகாதாம். பெரும்பொருள் கொடுத்துப் பயிற்சி நடுவங்களில் ஈராண்டு மூவாண்டு மனப்பாடஞ் செய்து பெற்ற மதிப்பெண்ணே தகுதியாம். கல்லூரிக்குள் ஓர் உல்கு. அதற்கு முன்னே பயிற்சிக்கூடத்தில் மற்றோர் உல்கு! சரி, அத் தகுதியையாவது காத்தார்களா? 2023இல், மருத்துவ மேற்பட்டப் படிப்புக்கான நீட் தேர்வில், தகுதி வரம்பைச் சுழியத்துக்கே இறக்கினர். தேர்வெழுதியவரில் கடைசியில் நின்றவரும் தகுதியுடையவர் என்று பொருள். மிகுந்த கட்டணமுள்ள இடங்கள் ஆளின்றிக் கிடக்கலாகாதே! ஏழை மாணவன் முன் மலையாய் நின்ற தகுதி, பணத்தைக் கண்டவுடன் மணலாய்ச் சரிந்தது. எது தகுதி, எது தடை என்பது இப்பொழுது விளங்குகின்றதா?

‘உலகமெங்கும் உயர்கல்விக்குக் கட்டணம் உண்டு, நாம் மட்டும் விலக்காவதெப்படி’ என்றும் கேட்கின்றனர். உலகத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை கட்டணம் கொண்டுவந்தனர். சிறு தொகைதான் என்றனர். 2006இல் அது 3,000 ஆயிற்று, 2012இல் 9,000 ஆயிற்று, 2025இல் 9,535. முதலில் சிறு துளை, பின்னர் மடையுடைப்பு. செருமனியில் 2005இல் நயன்மன்றம் வழிவிட, சில மாநிலங்கள் கட்டணம் தண்டத் தொடங்கின. மாணவரும் மக்களும் எதிர்த்தனர். ஒவ்வொரு மாநிலமாகக் கட்டணத்தைக் கைவிட்டு, 2014இல் இறுதி மாநிலமும் நீக்கிவிட்டது. செருமனி ஏழையாகிவிடவில்லை, அதன் பொறியியல் மதிப்பிழக்கவுமில்லை. ஆங்குக் கல்வி மாநிலங்களின் உரிமை என்பதையும், பிள்ளைகள் தம் தாய்மொழியிலேயே பொறியியல் கற்கின்றனர் என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்க.

பொருள் இல்லை என்பதும் பொய். 1966இல் கோத்தாரிக் குழு நாட்டு வருவாயில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கச் சொன்னது. 2020இல் வந்த புதிய கல்விக் கொள்கையும் அதே 6 விழுக்காட்டை மீண்டும் எழுதியது. எழுத்து மாறவில்லை, தொகையும் வந்தபாடில்லை. 2004 முதல் கல்வியின் பெயரால் தில்லி மேல்வரி தண்டுகின்றது. 2018 முதல் நலவாழ்வையும் சேர்த்து அது 4 விழுக்காடு. மேல்வரியில் மாநிலங்களுக்குப் பங்கில்லை என்பதே அதன் கமுக்கம். கல்வியின் பெயரால் தமிழன் கொடுப்பது தில்லிப் பெட்டிக்கு. கல்லூரி வாயிலில் அவன் மீண்டும் கொடுப்பது தனியார் பெட்டிக்கு. இதற்கும் மேலாக, தன் கொள்கைக்கு இசையாத கரணியத்தால், 2024–25இல் தமிழகப் பள்ளிக் கல்விக்குரிய 2,152 கோடி உருபாவை நடுவணரசு நிறுத்தி வைத்தது. நம் பணத்தைக் கொண்டே நம்மைப் பணிய வைக்கும் கலை இது.

கட்டணம் ஒன்றை நீக்கினால் எல்லாம் நேராகிவிடும் என்று யாம் சொல்லவில்லை. அதற்கு ஈழமே நமக்குப் பாடம். இலங்கையில் 1945 முதலே பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி. யாழ்ப்பாணத்து எளிய குடிப் பிள்ளைகள் அதனால் மருத்துவராயினர், பொறிஞராயினர். 1971இல் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும், சிங்கள மாணவனைவிடத் தமிழ் மாணவன் மிகுதியான மதிப்பெண் பெறவேண்டும் என்று விதித்தனர். கட்டணம் இல்லை; ஆனால் கதவு இல்லையென்றாயிற்று. அங்கே இனத்தைக் காட்டி மூடினர். இங்கே பணத்தையும் நுழைவுத்தேர்வையும் காட்டி மூடுகின்றனர். கதவின் தாழ் தன் கையில் இல்லாத இனத்துக்குக் கதவு எந்நேரமும் மூடப்படலாம். ஆதலின், கட்டணமின்மையும் கல்வியதிகாரமும் ஒருசேர வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்றில்லையேல் இரண்டும் இல்லை.

மொழியை இதில் ஏன் இழுக்கின்றீர் என்பார்க்கும் ஒரு சொல். கட்டணக் கொள்ளையின் முதற்படி மழலை வகுப்பிலேயே தொடங்குகின்றது. ஆங்கிலம் என்ற ஒற்றைச் சொல்லை விற்றே சிற்றூர்ப் பெற்றோரையும் தனியார் பள்ளிக்கு இழுத்தனர். 2010இல் அண்ணாப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன, நல்ல தொடக்கம், ஆனால் அத் தொடக்கம் பிற துறைகளுக்கும் பரவித் தழைக்கவில்லை. தமிழிற் கற்றால் வேலை உண்டு, உயர்வு உண்டு என்னும் உறுதி வந்துவிட்டால், ஆங்கிலத்தை விலைப்பொருளாக்கிய அங்காடி தானே ஆளற்றுப் போகும்.

ஆகவே, தமிழக அரசிடமும் தில்லியிடமும் யாம் வேண்டுவன இவை:

1. கல்வியை மாநிலப் பட்டியலுக்கே மீட்டுத் தருதல் வேண்டும். நீட் முதலான தில்லி நுழைவுத்தேர்வுகள் தமிழகத்தில் அகலுதல் வேண்டும்.

2. அரசுக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு முழுவதும் கட்டணமின்றி அமைதல் வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் பரவியதுபோல் அரசுப் பொறியியற் கல்லூரிகளும் மாவட்டந்தோறும் எழுதல் வேண்டும். நிலையான ஆசிரியரை அமர்த்தாமல், குறைந்த தொகைக்கு மதிப்புறு விரிவுரையாளரை வைத்து ஒப்பேற்றுவது ஒழிதல் வேண்டும்.

3. அரசு உதவிபெறுங் கல்லூரிகளுக்குள்ளேயே கட்டணப் பிரிவு நடத்தும் இரட்டை முறையை நீக்கி, அப் பிரிவுகட்கும் அரசே உதவி வழங்குதல் வேண்டும்.

4. தனியார் கல்லூரிகள் வாங்கும் ஒவ்வோர் உருபாவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். 1992ஆம் ஆண்டின் தலைக்கட்டணத் தடைச் சட்டம் ஏட்டில் உறங்காமல் எழுந்து நடத்தல் வேண்டும்.

5. வேலையின்றி வாடும் எளிய குடும்பத்துப் பட்டதாரிகளின் கல்விக்கடன் தள்ளப்படுதல் வேண்டும்.

6. எல்லாத் துறைப் படிப்பும் தமிழில் கிடைத்தல் வேண்டும்.

அன்பர்களே! வேண்டுகோள் விடுத்ததோடு நம் கடன் முடிந்துவிடவில்லை. வாக்குக் கேட்டு வாயிலில் வருவோரிடம், சாலையையும் விளக்கையும் கேட்பதற்கு முன், ‘எம் மாவட்டத்து அரசுக் கல்லூரிக்கு என்ன செய்தீர்? என்ன செய்யப் போகின்றீர்?’ என்று கேளுங்கள். உங்கள் ஊர்க் கல்லூரியில் முறைகேடாகப் பணம் வாங்கினால், அஞ்சாமல் எழுத்து மூலம் முறையிடுங்கள். தனித்து நில்லாமல் பெற்றோர் பலர் கூடி நில்லுங்கள். ஆசிரியப் பெருமக்களே! அரசுப் பள்ளியிற் பயிலும் உங்கள் மாணவனுக்குரிய ஒதுக்கீட்டையும் உதவித்தொகையையும் அவன் அறியாமலிருந்தால் அது நம் குற்றம். விண்ணப்பம் எழுதும் நாளில் அவன் பக்கத்தில் இருங்கள். செல்வமுடைய தமிழர்களே! கோயிலுக்குக் கொடுக்கும் கொடையில் ஒரு பங்கேனும் உங்கள் ஊர் மாணவியின் விடுதிக் கட்டணத்துக்குக் கொடுங்கள். பச்சையப்பரும் அழகப்பரும் நம்மவரே என்று பெருமை பேசுவோர் அவர்தம் கையையும் பெறுதல் வேண்டும்.

இளைஞர்களே! கட்டணம் கட்ட இயலாமையை உங்கள் குறையென்று எண்ணித் தலைகுனியாதீர். குறை உங்கள் இல்லத்தில் இல்லை. வேலி போட்டவனிடம் உள்ளது. பிறப்பு வேலியை உடைத்த இனம் இப் பண வேலியையும் உடைக்கும். உல்கு தவிர்ப்பதற்கு இனி ஒரு சோழன் வரப்போவதில்லை; மக்களே தவிர்க்க வேண்டும். எழுங்கள், கேளுங்கள், பெறுங்கள்!